பெரியவர்கள் எங்கே விளையாடுவது?

கல்யாண வீட்டில் நலங்கு நடக்கும்போது பார்க்க வேண்டும். முப்பது வயதைத் தொட்ட பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுகிறார்கள். ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைக்கிறார்கள். குடத்துத் தண்ணீருக்குள் கையை விட்டு மோதிரத்துக்குப் போட்டி போடுகிறார்கள். சுற்றி நிற்கும் பெரியப்பா, சித்தி, அத்தை எல்லோரும் கட்சி பிரிந்து கத்துகிறார்கள். வருஷமெல்லாம் இறுகிய முகத்தோடு அலுவலகம் போய்வருகிறவர்கள்தான் இவர்கள். அந்த அரை மணி நேரத்தில் யாரும் யாரையும் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே இருவர் மொட்டை மாடியில் அப்பளம் உடைத்து விளையாடினால் கட்டாயம் கேட்பார்கள்.

வளர்ந்தவர்களின் அன்றாடத்தில் விளையாட்டு ஏன் இத்தனை சுருங்கிப்போகிறது, அதைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி என்று உளவியலாளர்களும் நரம்பியல் ஆய்வாளர்களும் நகரத் திட்டக்காரர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து வடிந்து மக்களிடம் வந்து சேரும் அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது: மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே தூங்கும் குழந்தையை எழுப்புங்கள். தனி மனிதர் தன் குணத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்று அது நம்புகிறது. ஆய்வுகளையும் நம் ஊர் வழக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளையாடும் ஆசை வயதோடு வற்றுவதில்லை. ஊர் தரும் அனுமதிதான் வற்றுகிறது. அதோடு சேர்ந்து இடமும் நேரமும் கூட்டாளிகளும் போய்விடுகிறார்கள்.

இந்தத் துறையில் யார் எழுதினாலும் தொடங்கும் இடம் டச்சு வரலாற்றாளர் யோஹான் ஹூய்சிங்கா. 1938-ல் வெளிவந்த 'ஹோமோ லூடென்ஸ்' நூலில் சட்டம், போர், கவிதை, தத்துவ வாதம் எல்லாவற்றுக்கும் அடியில் விளையாட்டு ஓடுகிறது என்று அவர் வாதிட்டார். விளையாட்டு என்றால் யாருடைய கட்டாயமும் இல்லாமல் ஆடுவது, வழக்கமான வாழ்க்கையிலிருந்து இடத்தாலும் நேரத்தாலும் பிரித்து வைக்கப்பட்டது, தனக்கென்று விதிகள் உள்ளது, பொருள் லாபம் தேடாதது என்பது அவர் வகுத்த இலக்கணம். இருபது ஆண்டுகள் கழித்து, 1958-ல், பிரெஞ்சு அறிஞர் ரொஜே கய்யுவா அதை நான்காகப் பகுத்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேடம், தலைசுற்றும் கிறுகிறுப்பு. கபடி, தாயம், மாறுவேடம், ராட்டினம் என்று நம் பக்கத்து உதாரணங்களை அந்த நான்கிலும் எளிதாக உட்கார வைத்துவிடலாம். இந்தப் பகுப்பை இன்றைய வளர்ந்தவர்கள்மீது வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. போட்டியும் அதிர்ஷ்டமும் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன. போட்டியைப் பெரும்பாலும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அதிர்ஷ்டத்தில் பணத்தைக் கட்டுகிறோம். வேடமும் கிறுகிறுப்பும் அநேகமாக முழுக்கக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை எவற்றிலிருந்து பிறக்கும் என்று வகுக்கும்போது செல்வம், அறிவு, கூடல் ஆகிய மூன்றோடு நான்காவதாக விளையாட்டைச் சேர்க்கிறது. வளர்ந்த காதலர்களின் வாழ்க்கையைப் பேசும் பொருளதிகாரத்தில் அது வருகிறது என்பது கவனிக்க வேண்டியது. வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை நகரமே திரண்டு நீராடிக் களித்ததைப் பரிபாடல் விரிவாகச் சொல்கிறது. கம்பர் தன் காப்பியத்தின் முதல் பாடலிலேயே ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் இறைவனின் முடிவற்ற விளையாட்டாகக் காண்கிறார். சிவன் மதுரையில் நடத்திய அறுபத்து நான்கு விளையாடல்களைப் பரஞ்சோதி முனிவர் ஒரு புராணமாகவே பாடினார். கடவுளே விளையாடும் ஒரு மரபில், ஐம்பது வயது மனிதர் ஊஞ்சலில் உட்கார வெட்கப்படுகிறார். இந்த வெட்கம் நமக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

உயிரியல் பக்கம் போனால் சான்றுகள் இன்னும் வலுவாகின்றன. எலிகளின் விளையாட்டை ஆயுள் முழுக்க ஆராய்ந்த யாக் பாங்க்செப், பாலூட்டிகளின் மூளையில் பயம், கோபம், தாய்மைப் பரிவு போன்றவற்றுக்கு இருப்பதுபோல விளையாட்டுக்கும் தனியான அடிப்படை அமைப்பு உண்டு என்றார். மூளையின் மேலடுக்கான புறணியை நீக்கிய குட்டி எலிகள்கூடக் கட்டிப் புரண்டு விளையாடின. அந்த உந்துதல் அத்தனை ஆழத்தில் இருக்கிறது. கிச்சுக்கிச்சு மூட்டினால் எலிகள் மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதையும் அவர் குழு பதிவு செய்தது. தனியே அடைத்து வைத்த குட்டிகள் வெளியே வந்ததும் வழக்கத்தைவிட அதிகமாக விளையாடின; பட்டினி கிடந்தவர் கூடுதலாகச் சாப்பிடுவதைப் போல.

அவருடைய சோதனைகளில் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. எலிகள் விளையாடிக்கொண்டிருந்த கூண்டில் கொஞ்சம் பூனை மயிரை வைத்தார்கள். அந்த எலிகள் அதுவரை பூனையைப் பார்த்ததே இல்லை. விளையாட்டு அக்கணமே நின்றது. மயிரை அப்புறப்படுத்திய பிறகும் பல நாட்களுக்குப் பழைய அளவு திரும்பவில்லை. எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது நிதானம் வேண்டும்தான். ஆனாலும் கடன் தவணை, வேலை நிச்சயமின்மை, இரவு பதினோரு மணிக்கும் வந்து விழும் அலுவலக வாட்ஸ்அப் செய்தி இவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒருவரிடம் "கொஞ்சம் ஜாலியாக இருங்கள்" என்று சொல்வதில் என்ன பயன் என்று அந்தச் சோதனை கேட்கிறது. பூனை மயிரை எடுக்காமல் எலியைக் குறை சொல்ல முடியாது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெனே ப்ரொயர் முக்கியமானவர். வளர்ந்தவர்களின் விளையாட்டு மனத்தை அவர் நான்கு முகங்களாகப் பிரிக்கிறார்: பிறரோடு கேலியும் கலகலப்புமாக உறவாடுவது, எதையும் பாரமாக எடுத்துக்கொள்ளாமல் போகிற போக்கில் செய்வது, கருத்துகளோடும் சொற்களோடும் விளையாடுவது, விசித்திரமானவற்றை ரசிப்பது. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. விளையாட்டு மனம் என்றாலே கூட்டத்தில் எழுந்து ஆடுவது என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் ஏராளம். வாயே திறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறவரும் விளையாடுகிறவர்தான். ஒரே பாட்டில் இரண்டு பொருள் வைத்த காளமேகத்தின் சிலேடையும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி போட்ட விடுகதையும் மூன்றாவது வகையில் அடங்கும்.

ப்ரொயர் குழு 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 533 பேர் கலந்துகொண்டார்கள். அன்று நடந்த மூன்று விளையாட்டான தருணங்களை இரவில் எழுதி வைப்பது, தன்னிடம் இருக்கும் விளையாட்டுக் குணத்தைப் புதிய ஓர் இடத்தில் பயன்படுத்திப் பார்ப்பது போன்ற சின்னப் பயிற்சிகளை ஒரு வாரம் செய்தார்கள். விளையாட்டு மனமும் நிறைவுணர்வும் கொஞ்சம் கூடின, மனச்சோர்வின் அறிகுறிகள் கொஞ்சம் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் பங்கேற்றவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். அளவுகோல் அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதே. குணம் பயிற்சியால் அசையும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது.

இந்த எச்சரிக்கை துறை முழுவதற்கும் பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டூவர்ட் பிரவுன், 1966-ல் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து பலரைச் சுட்டுக்கொன்றவனின் கடந்தகாலத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தார். விளையாட்டே இல்லாமல் ஒடுக்கப்பட்ட குழந்தைப் பருவம் அவன் வாழ்க்கையில் இருந்ததைக் கண்டார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோரின் விளையாட்டு வரலாற்றைத் தொகுத்தார். அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விளையாடாதவன் கொலைகாரனாவான் என்று அதைச் சுருக்கி மேடைகளில் பேசுவது தவறு. அந்த மனிதனின் வாழ்க்கையில் வேறு எத்தனையோ கேடுகள் இருந்தன. 2003-ல் வந்த ஒரு புகழ்பெற்ற மருத்துவ ஆய்வு, நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. விளையாடியதால் நோய் தள்ளிப்போனதா, நோய் உள்ளே தொடங்கிவிட்டவர்கள் முன்கூட்டியே விளையாட்டை விட்டார்களா என்பதை அத்தகைய ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தைகள் விஷயத்திலேயே, பாவனை விளையாட்டுதான் அறிவு வளர்ச்சிக்கு ஆதாரம் என்ற பழகிய நம்பிக்கைக்குச் சான்று போதாது என்று ஏஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் காட்டினார்கள்.

விளையாட்டை மருந்துச் சீட்டாக எழுதிக்கொடுப்பதே சிக்கல் என்று நினைக்கிறேன். மறதிநோய் வராமல் இருக்கத் தாயம் உருட்டுகிறவர் தாயம் ஆடவில்லை, சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். லாபம் தேடாதது என்ற ஹூய்சிங்காவின் விதி உடைந்துவிடுகிறது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் போருக்குப் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியே ஓடாமல் சோர்ந்து கிடந்தார். இனி முக்கியமோ இல்லையோ பிடித்ததை வைத்து விளையாடுவது என்று முடிவெடுத்தார். உணவு விடுதியில் யாரோ மேலே எறிந்த தட்டு தள்ளாடிச் சுழல்வதைப் பார்த்து, எந்தப் பயனும் கருதாமல் அதற்குச் சமன்பாடு எழுதினார். அந்த விளையாட்டு எலக்ட்ரான் கணக்குகளுக்கு இட்டுச்சென்று 1965-ன் நோபல் பரிசில் முடிந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். நோபலுக்காகத் தட்டைப் பார்த்திருந்தால் அவரால் பார்த்திருக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். வளர்ந்தவர்களின் விளையாட்டுக்குத் தமிழ்ச் சமூகம் மூன்று இடங்களில் அனுமதி வைத்திருந்தது என்று பார்க்கிறேன்: உறவுமுறை, நாட்காட்டி, பொது இடம்.

உறவுமுறையில் கேலி ஒரு உரிமை. மாமன், மச்சான், கொழுந்தன், மதினி, அத்தை மகள், மாமன் மகன் இவர்களுக்குள் கேலி செய்யாமல் இருந்தால்தான் கோபம் வரும். மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதற்கு முறை வேண்டும். முறை இருந்தால் அறுபது வயது அத்தையும் குடத்தோடு துரத்துவார். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை ஏசிப் பாடும் பாட்டுகளைச் சம்பந்தி வீட்டாரே உட்கார்ந்து கேட்டு ரசித்தார்கள். மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் இத்தகைய கேலி உறவுகளைப் பற்றி எழுதினார்: உரசல் வரக்கூடிய உறவுகளில் அனுமதிக்கப்பட்ட கேலி, பகையாக மாறவிடாமல் இருவரையும் பிணைக்கிறது என்றார். அண்ணியும் கொழுந்தனும் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும்.

நாட்காட்டி இன்னும் தாராளமானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம், தாயம். பொங்கலுக்கு உறியடி, வழுக்கு மரம், இளவட்டக்கல். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடித்தல். குடும்பத் தலைவர்களே காயைத் தேர்ந்தெடுத்து, தட்டிப் பார்த்து, ஓட்டின் வலுவைப் பற்றி வாதாடி மோதவிடுவார்கள். அதே நாட்களில் மரக்கிளையில் பெரிய ஊஞ்சல் கட்டிப் பெண்கள் பாடிக்கொண்டே ஆடினார்கள். கய்யுவாவின் கிறுகிறுப்பு அங்கே வளர்ந்த பெண்களுக்கும் கிடைத்தது.

பொது இடம் என்றால் திண்ணையும் ஆலமரத்தடியும் கோயில் மண்டபமும். நம் கோயில்களின் கல் தரையில் ஆடு புலி ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் இன்றும் பார்க்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் கட்டும். இரு தரப்புக்கும் பலம் வேறு, இலக்கு வேறு. சதுரங்கத்தில்கூட இல்லாத இந்தச் சமமின்மைதான் அதன் அழகு. பயிற்சி வகுப்பும் தரவரிசையும் இல்லாமல், வேலைக்கு நடுவே இளைப்பாறுகிறவர்கள் கூழாங்கல்லை வைத்து ஆடியது அது.

இவற்றை ஏக்கத்தோடு மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லாத் திண்ணையிலும் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. ஊரின் ஒரு பகுதி மக்கள் கோயில் மண்டபத்துக்குள்ளேயே வர முடியாமல் இருந்தார்கள். திருவிழா ஆட்டங்களில் சாதி வரிசை கறாராக இருந்தது. முறைக் கேலி என்ற பெயரில் விருப்பமில்லாத பெண்களைச் சீண்டியதும் நடந்தது. பழைய அனுமதி சிலருக்குத்தான் கிடைத்தது. அது கலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் எல்லோருக்குமான ஒன்றை நாம் இன்னும் கட்டவில்லை என்பதே வருத்தம்.

வெற்றிடத்துக்குள் வேறு சில புகுந்துவிட்டன. முதலாவது, அலுவலகக் குதூகலம். வெள்ளிக்கிழமைதோறும் கட்டாய விளையாட்டு, எல்லோரும் சேர்ந்து ரீல்ஸ், மேலாளர் கைதட்டச் சொல்லும்போது கைதட்டு. நிறுவனத்தின் கேளிக்கைக் கலாச்சாரத்தில் கலந்துகொள்ளவில்லை என்பதற்காக ஓர் ஊழியரை நீக்கியது செல்லாது என்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. வர மறுக்கும் உரிமை இருந்தால்தான் அது விளையாட்டு.

இரண்டாவது, பணம் கட்டி ஆடும் இணைய ரம்மி போன்றவை. விளையாட்டு அன்றாட வாழ்க்கையின் எல்லையைத் தாண்டி உள்ளே கசிந்தால் கெட்டுப்போகும் என்று கய்யுவா அன்றே எழுதினார். அதிர்ஷ்ட விளையாட்டில் அந்தக் கசிவுக்குப் பெயர் கடன். தற்கொலைகள் நடந்த பிறகு தமிழ்நாடு 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டையும் வரவேற்கிறேன். அதற்காகக் கைப்பேசி விளையாட்டு அனைத்தையும் வெறுக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் வெவ்வேறு ஊர்களில் அடைந்து கிடந்த அக்கா தம்பிகள் 'லூடோ கிங்' வழியாகச் சேர்ந்து ஆடிச் சண்டை போட்டார்கள். அது நிஜமான விளையாட்டு.

ஆசை வற்றவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் இரவு பத்து மணிக்குச் சென்னையிலோ கோவையிலோ ஒரு டர்ஃப் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். மணிக்கணக்கில் வாடகை கட்டி, வேலை முடிந்து வந்த இளைஞர்கள் விளக்கு வெளிச்சத்தில் பந்தை உதைக்கிறார்கள். தெருவிளக்குக்குக் கீழே கேரம் போர்டைச் சுற்றி நாற்பது வயதுக்காரர்கள் நிற்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. இடமும் கூட்டாளியும் கிடைத்தால் போதும், மனம் தானாக வந்துவிடுகிறது.

வெளியூர் அனுபவங்களும் இதையே சொல்கின்றன. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வாகனங்களுக்கு மூடிவிடுகிறது. இன்று 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை சைக்கிளுக்கும் சறுக்குக் காலணிக்கும் நடனத்துக்கும் திறந்து கிடக்கிறது. ஜப்பானில் 1947-ல் குழந்தைகளுக்காக உருவாக்கிய கேட்பால் என்ற மரச்சுத்தி விளையாட்டைப் பின்னர் முதியவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அங்கே ஊருக்கு ஊர் முதியோர் அணிகள் உருவாயின. மும்பையில் 1995 மார்ச்சில் மருத்துவர் மதன் கட்டாரியா ஒரு பூங்காவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் துணுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். சில நாட்களிலேயே நல்ல துணுக்குகள் தீர்ந்து, ஒருவரைப் புண்படுத்துபவை வரத் தொடங்கின. துணுக்கை விட்டுவிட்டு, காரணமில்லாமல் சேர்ந்து சிரிக்கும் பயிற்சியாக மாற்றினார். தனியாக நின்று அப்படிச் சிரித்தால் ஊர் வேறு மாதிரி பார்க்கும். இருபது பேராக நின்றால் அது மன்றம். மாறாக, 2009-ல் ஸ்டாக்ஹோம் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டைப் பியானோ ஆக்கியபோது 66 சதவீதம் கூடுதலானோர் படியேறினார்கள் என்று அதை அமைத்தவர்கள் சொன்னார்கள். அது சில காலம் மட்டும் இருந்த வேடிக்கை. பொகோட்டா ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் நடத்துகிறது. ஆச்சரியம் பழகிவிடும், வழக்கம்தான் நிலைக்கும்.

வீட்டளவில் செய்யக்கூடியவையும் இதே தர்க்கத்தில் அமைய வேண்டும். மனநிலை வரும்வரை காத்திராமல் கிழமை குறித்து வைக்கலாம்: வெள்ளி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாயக்கட்டை, கைப்பேசிகள் அலமாரியில். பணம் கூடாது, தோற்றவரைத் திட்டக் கூடாது, வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. பிள்ளைகளோடு ஆடுவது வேறு, சம வயதினரோடு ஆடுவது வேறு. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம்.

அந்த வெள்ளி இரவில் அடுப்படியைக் கழுவுவது யார் என்பது அடுத்த கேள்வி. இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். டர்ஃப் மைதானத்தில் பெண்களைக் காண்பது அரிது. அவர்களுக்கென்று மிஞ்சியிருப்பது நடைபயிற்சி. அதிலும் மருத்துவர் சொன்னார் என்ற காரணம் வேண்டியிருக்கிறது. பல்லாங்குழி ஆடிய பிற்பகல்கள் போனதோடு, வளர்ந்த பெண்கள் பயனின்றிக் கூடியிருப்பதற்கான சாக்கும் போய்விட்டது. பெண்களின் நேரத்தைப் பற்றிப் பேசாமல் விளையாட்டு மனத்தைப் பற்றிப் பேசுவது பாதி மனிதரை விட்டுவிட்டுப் பேசுவதாகும்.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியது தெளிவானது, செலவும் பெரிதல்ல. நம் பூங்காக்கள் பலவற்றில் வளர்ந்தவர்களுக்கு நடைபாதையும் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளும் உண்டு. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பெரியவர்கள் ஏறக் கூடாது என்ற பலகை உண்டு. குழந்தைகளின் ஊஞ்சலைக் காப்பது நியாயம்தான். அதற்கு அப்பால், வளர்ந்தவர் எடையைத் தாங்கும் ஊஞ்சல்கள் சில, நிழலில் ஆடு புலிக் கட்டம் செதுக்கிய கல் மேடைகள், விளக்கோடு ஒரு கேரம் கொட்டகை, பெண்களுக்கென்று ஒதுக்கிய மாலை நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு வார்டிலும் ஒரு பூங்காவிலாவது கேட்டு வாங்கலாம். அடுத்த வார்டு கூட்டத்தில் குப்பை, சாலை, குடிநீர் கோரிக்கைகளோடு இதையும் எழுதிக் கொடுக்கலாம்.